சும்மா இருக்கக் கற்றுக்கொண்ட வக்கீல்

"மூணாவது லெட்டரா?"

"மூணாவது. இதுக்கு மேல லெட்டர் கிடையாதாம். அடுத்தது நேரா தீர்மானம்தானாம்."

"இன்னா தீர்மானம்?"

"அடுத்த மாசக் கடைசிக்குள்ள நாய வெளிய அனுப்பிடணும். இல்ல, குரைக்காம வச்சிக்கணும். ரெண்டுல ஒண்ணு."

"குரைக்காம வச்சிக்கறதுக்கு அது இன்னா பொம்மையா?" என்றாள் தெய்வநாயகி. கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுப்பட்டினத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, எட்டே எட்டு வீடுகள் உள்ள நெய்தல் குடியிருப்பு. அதில் கீழ்வீடு இவர்களுடையது. ரவிச்சந்திரன் கல்பாக்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் கருவிகள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் ஹரிசங்கர் அமெரிக்காவில். வீட்டில் மீதியிருந்த ஒரே ஜீவன் நாய். செய்யூர்ப் பக்கம் ரவிச்சந்திரனின் அண்ணனுடைய சவுக்குத் தோப்பில் பிறந்த செவலை நாட்டு நாய். குட்டியிலேயே எதைச் சொன்னாலும் எதிர்வாதம் பண்ணியதால் ஹரிசங்கர் அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான்.

வக்கீலுக்கு மூன்று வழக்குகள் உண்டு. வாசல் மணி அடித்தால் குரைக்கும். டெலிபோன் அடித்தால் குரைக்கும். குக்கர் விசில் விட்டால் குரைக்கும். தெருவில் போகிறவனையோ பூனையையோ ஏறிட்டும் பார்க்காது. இந்த மூன்றுக்கு மட்டும் சமையலறைக்கு ஓடுவதும் கூடத்துக்கு ஓடுவதுமாக, தெய்வநாயகி எழுந்து வரும்வரை தொண்டை கிழியக் கத்தும்.

நேர் மேல்வீட்டில் ஜெபகுமார். நாகர்கோவில்காரர், அதே கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிப்டு வேலை. இரவு ஷிப்டு வாரத்தில் காலை ஏழரைக்கு வந்து எட்டுக்குப் படுப்பார். எட்டேகாலுக்கு இங்கே முதல் விசில். மனுஷன் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சங்கச் செயலாளர் ஆராவமுதனிடம் எழுதிக் கொடுத்தார். ஆராவமுதன் அதைத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, கீழ்வீட்டுத் தபால் பெட்டியில் போட்டார். ரவிச்சந்திரனும் மேலே போய்க் கேட்கவில்லை. பதில் தட்டச்சு செய்து ஆராவமுதன் பெட்டியில் போட்டார். இப்படியாக, பதினெட்டுப் படி ஏறி இறங்க வேண்டிய விஷயம் மூன்று மாதமாகக் காகிதத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணன்கிட்ட பேசிட்டேன்," என்றார் ரவிச்சந்திரன். "தோப்புலயே விட்ரலாம். நல்லா ஓடி ஆடிகினு இருக்கும்."

"வேணாம்."

"அப்ப ஹரி சொன்ன மெஷின வரவழைக்க வேண்டியதுதான்."

"இன்னா எழவையாவது வரவழைங்க. அது வூட்ட வுட்டுப் போகக் கூடாது. அவ்ளோதான் சொல்லுவேன்."

ஏன் கூடாது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. இடது காது அவளுக்குச் சின்ன வயதிலேயே போய்விட்டது. அது ஊருக்கே தெரியும். வலது காதும் இரண்டு வருஷமாகத் எண்ணெய் வற்றிய விளக்கு மாதிரி மங்கிக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியாது. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் சந்தேகம்தான். மணியும் விசிலும் டெலிபோனும் எப்போதோ அவளை விட்டுப் போய்விட்டன. மிச்சமிருந்தது வக்கீலின் குரல். அந்தக் கட்டைக் குரல் மட்டும் எந்த மூலையிலிருந்தாலும் நெஞ்சில் வந்து இடித்துச் சொல்லும். யாரும் பழக்காமல் அதுவே எடுத்துக்கொண்ட உத்தியோகம் அது.

இதைச் சொன்னால் என்ன ஆகும்? "காது கேக்காதவள எப்படித் தனியா வுட்டுட்டு வெளிய போறது" என்று ஆரம்பிப்பார். கேஸைத் தொடாதே என்பார். ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்வார். அதற்கு வாயை மூடிக்கொண்டிருப்பதே மேல் என்று மூடிக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் ஹரிசங்கரின் சிநேகிதன் ஒருவன் கையில் டப்பா வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு கறுப்புக் கழுத்துப்பட்டை. அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து துருத்திக்கொண்டு இரண்டு உலோக முளைகள். கூடவே உள்ளங்கை அளவில் ஒரு ரிமோட்.

"இது கழுத்துல. இது நம்ம கையில. அது குரைச்சா இந்தப் பட்டன அமுக்கணும். அரை மைலுக்கு அப்பால இருந்தாலும் வேலை செய்யும்."

"அமுக்கினா?"

"லேசா ஒரு உணர்ச்சி வரும்."

"இன்னா உணர்ச்சி?"

"கரெண்டு உணர்ச்சி."

"ஷாக்கா!"

"ஷாக்குன்னு சொல்லாத. புஸ்தகத்துல அப்படிப் போடல. ஸ்டிமுலேஷன்னு போட்டிருக்கான்."

"பேரு எதுவா இருந்தா இன்னா, கரெண்டு கரெண்டுதான?"

"தெய்வா, ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் அளவு வச்சிருக்கான். ரெண்டு வச்சா எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்குமாம்."

"எந்த எறும்பு? புள்ளையார் எறும்பா, கட்டெறும்பா?"

"அதெல்லாம் போடல."

"அப்ப மொதல்ல உங்க கையில கட்டிப் பாருங்க."

முப்பத்திரண்டு வருஷம் கருவிகளோடு குப்பை கொட்டிய மனிதருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. முழங்கைக்குக் கீழே பட்டையைக் கட்டிக்கொண்டார். ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார். ஒன்று வைத்தாள், ஒன்றும் தெரியவில்லை என்றார். இரண்டு வைத்தாள், லேசாகத் தெரிகிறது என்றார். பிறகு குனிந்து பட்டையைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். அவளுக்கு அதில் நாலு என்பது மட்டும்தான் விழுந்தது. நாலு வைத்து அமுக்கினாள்.

காபி டம்ளர் ஒரு பக்கம் போனது, மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் போனது.

"மூணு போதும், நாலு வேணாம்னு சொன்னேனே!"

"நாலுன்னுதான் காதுல வுழுந்துச்சு."

"கவனம் எங்க கீது உனக்கு? நாய்க்கு வைக்கும்போதும் இப்படித்தான் பண்ணுவியா? குடு அத. ரிமோட்டத் தொடாத இனிமே."

இரண்டு நாள் புத்தகத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். மூன்றாம் நாள் காலை நாஸ்தா ஆனதும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஒரு கட்டளைச் சொல் வேணும். அந்தச் சொல்லைச் சொல்லிட்டுப் பட்டன அமுக்கணும். போகப் போக பட்டனே தேவைப்படாது, சொல்லு மட்டும் போதும்."

"இன்னா சொல்லு?"

"அவன் கொயட்டுன்னு போட்டிருக்கான்."

"வக்கீலு இங்கிலீஷ்ல படிக்கல."

"அப்ப, வாய மூடு?"

"வூட்டுக்கு வர்றவங்க அவங்களத்தான் சொல்றீங்கன்னு திரும்பிப் பூடுவாங்க."

"கத்தாத?"

"அது தெனம் என்னச் சொல்றது. எனக்கும் அதுக்கும் ஒரே சொல்லு வேணாம்."

ரவிச்சந்திரன் பென்சிலைக் கடித்தார். "சும்மா இரு. அது எப்படி?"

"அது நல்லாத்தான் கீது."

"ஒரே வார்த்தையா இருந்தா இன்னும் நல்லது. 'சும்மா!' அவ்ளோதான். சுருக்குன்னு இருக்கும்."

படித்தவர் அவர், பழம் தின்று கொட்டை போட்டவள் இவள். இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பாத்திரம் தேய்க்க வரும் வேண்டாவை அன்றைக்கு வேறு வேலைக்குப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டா, வெளிய போய் பெல் அடி."

"நான் உள்ளதான சார் கீறேன்?"

"தெரியும். வெளிய போய் அடி."

"யாரு வந்து தொறப்பாங்க?"

"யாரும் தொறக்க மாட்டாங்க."

"அப்ப இன்னாத்துக்கு சார் அடிக்கணும்?"

"அடின்னா அடியேன்! கேள்வி கேட்டுகினு!"

அடித்தாள். வக்கீல் குரைத்தது. "சும்மா!" என்று அதட்டி, மூன்று வைத்து அமுக்கினார். வக்கீல் துள்ளி விழுந்து, தன் கழுத்தைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்தது. மறுபடி மணி, மறுபடி குரைப்பு, மறுபடி "சும்மா!" பதினோரு தடவை ஆனதும் வேண்டா துடைப்பத்தை வாசலிலேயே போட்டுவிட்டாள்.

"பேஜாரா கீது சார். வாயில்லாத ஜீவன். நாளைக்கு வேற யாரையாவது வச்சி அடிச்சிக்கோங்க."

அவர் விடவில்லை. டெலிபோனுக்கு ஒரு நாள், விசிலுக்கு ஒரு நாள். வரைபடத் தாளில் ஒரு நாளைக்கு எத்தனை குரைப்பு என்று புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். ஐந்தாம் நாள் கோடு தரையைத் தொட்டது.

"பூஜ்யம்! பாத்தியா தெய்வா? ஆராவமுதன் மூஞ்சியில கொண்டுபோய் ஒட்டறேன் இத."

தெய்வநாயகி பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கும், மூன்று கத்தலுக்கு ஒரு கத்தல் ஆகும் என்று எண்ணித்தான் அவள் ஒத்துக்கொண்டாள். விளக்கை ஊதி அணைத்தமாதிரி ஒரேயடியாகப் போகும் என்று எண்ணவில்லை. அன்றைக்குப் பருப்பு அடிபிடித்தது. மறுநாள் பால்காரன் பாக்கெட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய், அது வெயிலில் திரிந்தது.

"இன்னா, ரெண்டு நாளா கவனமே இல்ல உனக்கு?"

"வயசாவுது."

அடுத்த கூத்து வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. மீன்காரி செங்கம்மாள் கூடையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"யம்மோவ்!"

அவள் நின்ற நேரம் தெய்வநாயகி வாசல் பெருக்கிக்கொண்டிருந்ததால் ஆளைப் பார்த்துவிட்டாள். "இன்னிக்கு வெள்ளிக்கெழம, மீன் வேணான்டி."

"யாரும்மா வாங்கச் சொன்னது? சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

செங்கம்மாளின் கூடையை மோந்துகொண்டு வாலாட்டி நின்ற வக்கீல் வீலென்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து கட்டிலுக்கடியில் புகுந்தது.

"இன்னாம்மா இது? என் மூஞ்சி அவ்ளோ கேவலமாவா கீது?"

"உன் மூஞ்சிக்கு இன்னாடி. சும்மா..." என்று தெய்வநாயகி ஆரம்பிக்க, கட்டிலுக்கடியிலிருந்து இன்னொரு வீல்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நமக்குச் சோறு இல்லாமல் ஒரு நாள் ஓடும், சும்மா இல்லாமல் ஒரு மணி நேரம் ஓடாது. அன்று முழுக்க எண்ணினாள். எதிர்வீட்டு ரங்கநாயகி வந்து, "சும்மாதான் வந்தேன் மாமி" என்றாள். கேஸ் சிலிண்டர்க்காரன், "ரெகுலேட்டரச் சும்மா ஆட்டாதீங்க" என்றான். ஹரிசங்கர் வீடியோ காலில், "சும்மாதான்மா பண்ணேன்" என்று ஸ்பீக்கரில் கத்தினான். வக்கீல் ஒவ்வொன்றுக்கும் ஓடியது. நடுவில் ஒரு தடவை பாயை நனைத்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னது யார் என்றால், ரிமோட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்த மகானுபாவர்தான். சாயங்காலத்துக்குள் அவர் கணக்கு மட்டும் இருபத்தாறு.

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்க."

"எந்த வார்த்தைய?"

"அந்த வார்த்தையத்தான்! நாயி ஓடுதுல்ல?"

"நானா சொல்றேன்? நீதான் சும்மா சும்மா சொல்லிகினு..." கட்டிலுக்கடியில் இரண்டு வீல். "சரி, இப்ப வாய் தவறிடுச்சு. நான் சும்மா ஒரு பேச்சுக்கு..." மூன்றாவது வீல்.

அவள் போய்க் கட்டிலுக்கடியில் கையை விட்டு, பட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் மடியில் போட்டாள். மறுநாள் காலை பேப்பர் படித்துக்கொண்டே அவர், "நம்ம ஹிந்து பேப்பர எவனோ சும்மா ஓசியில படிச்சிட்டுப் போடறான்யா" என்று முனகினார். வக்கீல் ஓடியது.

"பட்டையே இல்லயே! இன்னும் இன்னாத்துக்கு ஓடுது?"

"பட்டையக் கழட்டியாச்சு. அந்தச் சொல்ல யாரு கழட்டறது?"

அதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை. புரட்டிப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். அவர் மட்டும் போனார். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து, பட்டு வேட்டியும் தாம்பூலப் பையுமாக மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். மே மாத வெயில். வாசற்படியில் வெறுங்காலை வைத்தால் தோசை மாதிரி ஒட்டும். மணியை அடித்தார்.

தெய்வநாயகி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கூடத்துக் கதவு உள்தாழ்ப்பாள். மணி அவளுக்குக் கேட்கவில்லை. வக்கீல் ஓடி வந்து அவள் பின்னால் நின்றது. வாயைத் திறந்தது, மூடியது. முன்னங்காலால் அவள் புடவையைப் பிராண்டியது.

"போடா, சோறு அப்புறம்தான்," என்று ஈரக்கையால் தள்ளிவிட்டாள்.

அது கூடத்துக்குப் போனது, திரும்பி வந்தது. மறுபடி வாயைத் திறந்து மூடியது. ஒரு சத்தமும் வரவில்லை. மூன்றாவது தடவை வந்து அவள் காலடியிலேயே படுத்துக்கொண்டது. பாவம், படித்த படிப்பு அப்படி.

வெளியே அவர் மணியை அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். செல்போனில் வீட்டு எண்ணுக்குப் போட்டார். உள்ளே டெலிபோன் அடிப்பது அவருக்கே கேட்டது. "தெய்வா!" என்று கத்தினார். கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். பின்பக்கம் போனால் ஏழடிச் சுவர். அதற்கு இந்தப் பக்கமிருந்தும் கத்திப் பார்த்துவிட்டு வாசலுக்கே திரும்பி வந்தார். உள்ளே அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயத்தில் மறுபடியும் மணிமேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

மேலே கதவு திறந்தது. சிவந்த கண்ணும் கலைந்த தலையும் கைலியுமாக ஜெபகுமார் இறங்கி வந்தார்.

"சார், நான் ராத்திரி ஷிப்டு முடிச்சிட்டு வந்து படுத்திருக்கேன். முக்கா மணி நேரமா மணி அடிக்கீங்களே, என்ன சார் இது?"

"உள்ள இருக்கா. தொறக்க மாட்டேங்கறா. என்னமோ ஆயிடுச்சு ஜெபகுமார்!"

தூக்கக் கோபம் அந்த முகத்திலிருந்து அப்படியே இறங்கிவிட்டது. நாலு நாலு படியாகத் தாவி மேலே ஓடினார். அவர் வீட்டுப் பின்பால்கனியிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் தெய்வநாயகியின் பின்கட்டு நேராகத் தெரியும். பார்த்தார். அவள் சௌக்கியமாகத் தலையணை உறை பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி! ஆன்ட்டி!"

அவள் திரும்பவில்லை. நாய்தான் நிமிர்ந்து பார்த்தது. ஜெபகுமார் ஒரு கிண்ணம் தண்ணீரை எடுத்து அவள் முன்னால் பொளக்கென்று ஊற்றினார். அவள் பதறி நிமிர்ந்தாள். மேலே இரண்டு கையாலும் அவர் வாசல் பக்கம் காட்டிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தபோது பட்டு வேட்டிக்காரர் வேர்வையில் முழுகி நின்றார். பின்னாலேயே ஜெபகுமாரும் வந்து சேர்ந்தார்.

"இன்னா பண்ணிகினு இருந்த?"

"துணி தோச்சிகினு இருந்தேன்."

"முக்கா மணி நேரமா அடிக்கறேன்! போன் அடிக்கறேன்! தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன்! அந்த நாயி இன்னா பண்ணிச்சு? மணி அடிச்சா ஒரு கொரலு குடுக்க வாணாமா? சோறு போட்டு இன்னாத்துக்கு வளக்கறோம்?"

தெய்வநாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான அத இருக்கச் சொன்னீங்க, அப்படியே!"

ரவிச்சந்திரன் வாயைத் திறந்தார். பின்கட்டில் கொஞ்ச நேரம் முன்னால் நாய் திறந்து மூடியது போலவே அவரும் மூடிக்கொண்டார்.

"ஆன்ட்டி," என்று ஜெபகுமார் மெல்ல முன்னால் வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்று கேட்டார். "மணி உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல."

"இன்னைக்கு மட்டுமா?"

"ரெண்டு வருஷமா."

"இடது காதுதான் அவளுக்கு..." என்று ரவிச்சந்திரன் ஆரம்பித்தார்.

"வலதும்தான்," என்றாள். "மணி கேக்காது, போன் கேக்காது, விசில் கேக்காது. இது கொரலு மட்டும்தான் கேக்கும். இது வந்து சொல்லும், நான் போய்ப் பாப்பேன். உங்க எல்லார் பேச்சையும் கேட்டு இது வாய மூட நான்தான் ஒத்துக்கினேன், என் புத்திய செருப்பால அடிக்கணும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" அவர் குரல் இறங்கிவிட்டது. அவள் அவர் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா சும்மா இருப்பீங்களா? எட்டு நம்பர் வச்சி என் காதுலயும் ஒரு மெஷின மாட்டுவீங்க!"

வக்கீல் வீலென்று கத்திக் கட்டிலுக்கடியில் போனது. ஜெபகுமார் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"அது இருக்கட்டும், தம்பி. அது வேற கதை. உக்காருங்க."

மனுஷனுக்குத் தூக்கம் போயே போய்விட்டது. மோர் கொடுத்தாள். கதையைக் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதே ஆன்ட்டி. திமிர்ல விட்டுருக்கீங்கன்னுல்லா நெனச்சேன். ஒரு கொரையா, ரெண்டு கொரையா? தொடங்கிச்சுன்னா அது பாட்டுக்கு அஞ்சு நிமிஷம். அதான் ஒறக்கம் போவுது."

"நான் வர்ற வரைக்கும் கத்தும். நான் வந்தாலும் கத்தும். எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு அதுக்குத் தெரியாதே!"

ஜெபகுமார் டம்ளரைக் கீழே வைத்தார். "சார். இது நம்ம கண்ட்ரோல் ரூம் அலாரம்லா!"

"எது?"

"அலாரம் வந்தா அடிச்சுக்கிட்டே கெடக்கும். ஆப்பரேட்டர் போய் ஒரு பட்டன அமுக்கி, பாத்துட்டேன்னு ஒத்துக்கிடணும். அப்பதான் சத்தம் நிக்கும். இங்க யாரும் ஒத்துக்கிடல. ஆன்ட்டி நேரா வாசலுக்குப் போயிடுதாங்க. அது என்ன செய்யும் பாவம்? அடிச்சுக்கிட்டேதான் கெடக்கும்."

ரவிச்சந்திரன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "முப்பத்திரண்டு வருஷம் அந்த பட்டனத்தான் ரிப்பேர் பாத்தேன்."

"அப்ப ஏன் புத்தி வரல?" என்றாள் தெய்வநாயகி.

"அது பிளான்ட்டுல. இது வூட்லல்ல?"

அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது.

இந்தத் தடவை சொல்லை அவளே தேர்ந்தெடுத்தாள். வக்கீல் குரைக்க வேண்டும். இரண்டாவது குரலுக்குள் அவள் அதன் முகத்துக்கு நேரே வந்து, "கேட்டுச்சு" என்று சொல்லி, மேரி பிஸ்கட்டில் கால் துண்டு கொடுக்க வேண்டும். ஆனால் முதலில் அதைக் குரைக்க வைக்க வேண்டுமே! குரைக்காமலிருக்க ஐந்து நாள் பிடித்தது, திரும்பக் குரைக்க வைக்கப் பதினொரு நாள் பிடித்தது. வேண்டா மணி அடிப்பாள், வக்கீல் கட்டிலுக்கடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டும். ரவிச்சந்திரன் தரையில் மண்டியிட்டு, "கொரடா, நைனா, ஒரே ஒரு தடவ கொரடா" என்று கெஞ்சுவார்.

"நல்லா கீது சார்," என்றாள் வேண்டா. "அன்னிக்குக் கொரைக்காதன்னு அடிச்சீங்க, இன்னிக்குக் கொரைன்னு கால்ல வுழுறீங்க."

பதினோராம் நாள் மணி அடித்ததும் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு குரல் வந்தது. கட்டைக் குரல். சமையலறையிலிருந்த தெய்வநாயகியின் நெஞ்சில் இடித்தது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, குனிந்து, "கேட்டுச்சுடா, கேட்டுச்சு," என்றாள். முழு பிஸ்கட்டாகவே கொடுத்துவிட்டாள்.

கெடு சொன்ன மாதக் கடைசியில் ஆராவமுதன் தீர்மான நோட்டோடு வந்தார். மணியடித்தார். உள்ளே இரண்டு குரைப்பு, பிறகு அமைதி, பிறகு கதவு திறந்தது.

"பேஷ்! அடங்கிடுத்தே! மெஷினோட மகிமையா சார்?"

"மெஷின் பரண்ல கீது," என்றார் ரவிச்சந்திரன்.

"அப்போ கம்ப்ளெயிண்ட்?"

"அத நான் வாபஸ் எழுதித் தாரேன் சார்," என்று மாடிப்படியிலிருந்து ஜெபகுமார் சொன்னார். "ரெண்டு கொரைக்கு நான் உறங்கிக்கிடுவேன். ராத்திரி ஷிப்டு வாரம் என்னைக்குன்னு ஆன்ட்டிக்கு எழுதிக் குடுத்துட்டேன். அந்த வாரம் குக்கர் நான் வந்து படுக்கதுக்கு முன்னாலயே."

"அப்படியெல்லாம் வாயால வாபஸ் வாங்கப்டாது. லெட்டரா எழுதி என் பெட்டியில போடணும். ரூல்னு ஒண்ணு இருக்கோன்னோ?"

"நேர்லதான நிக்கேன் சார்!"

"இருந்தாலும் பெட்டியில போடுங்கோ."

போட்டார். நாலாவது லெட்டர்.

வக்கீல் பிழைத்துக்கொண்டது. மாட்டிக்கொண்டது தெய்வநாயகிதான். காது விஷயம் வெளியே வந்த நாளிலிருந்து ரவிச்சந்திரன் கூடத்திலிருந்து ஒன்றும் கத்திச் சொல்வதில்லை. எதற்கெடுத்தாலும் நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறைக்கு வந்து, அவளுக்கும் அடுப்புக்கும் நடுவில் புகுந்து, முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு எழுத்தாக உதட்டைப் பிரித்துப் பேசுகிறார். அடுத்த வாரம் செங்கல்பட்டில் காது டாக்டரிடம் போக நாள் குறித்ததையும் அப்படித்தான் நின்று சொன்னார். அதற்கு அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அது பெரிய விஷயம், நின்று சொல்லலாம். பேப்பர் வந்துவிட்டது என்பதற்கும் அப்படியே வந்து நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னா இப்ப?"

"மழை... வர்ற... மாதிரி... இருக்கு."

"சரி."

போனார். துணியை எடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன் என்று மறுபடி வந்தார். போனார். மூன்றாவது தடவை வந்து பேசாமல் நின்றார்.

"இப்ப இன்னா?"

"ஒண்ணுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்."

"நீங்க ஒண்ணுமே சொல்லலியே, எது கேக்கறது?"

"சொல்லத்தான் வந்தேன். இன்னான்னு மறந்துபோச்சு."

"கொழம்பு அடிபிடிக்குது. கொஞ்சம் அந்தாண்ட நகருங்க."

நகர்ந்தார். ஒரே ஒரு அடி. அவள் முகம் தெரிகிற மாதிரி.